மழையில் நனைந்த நெல் வகுப்பறைக்கு வந்த கதை

ஐப்பசி மழைக்கு அஞ்சாத குறுவை விவசாயி திருவிடைமருதூர் பக்கத்தில் கிடையாது. அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நிற்கும். குவித்த நெல் நனைந்தால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், சில நாளில் முளைவிடும்.

1934-இல் மேட்டூர் அணை திறந்தபின் டெல்டாவில் இருபோகம் பெருகியது. 1960-இல் தஞ்சை மாவட்டத்தில் 'பேக்கேஜ் புரோகிராம்' வந்து விதை, உரம், கடன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தது. திருவிடைமருதூர் வட்டத்திலேயே, 1922 முதல் நடந்துவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜி.இ.பி. 24 ரகத்தோடு ஜப்பானின் நோரின் 10-ஐக் கலந்து ஏ.டி.டி. 27-ஐ உருவாக்கியது. 1960களின் நடுவில் அது குறுவை வயல்களில் பரவி விளைச்சலைக் கூட்டியது. உலர்த்துவதற்கு மட்டும் பழையபடி களமும் வெயிலும்தான்.

இந்தச் சிக்கலுக்கு முகம்கொடுத்தது ஒரு அரிசி ஆலை. திருவாரூரில் தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967-இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியது. இந்திய உணவுக் கழகம் 1972-இல் அதை நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக விரிவாக்கியது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியன், ஓய்வுக்குப் பின் இங்கே வந்து சேர்ந்தார்.

அங்கே பிறந்த ஒரு வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: நூறு கிலோ ஈரநெல்லுக்குச் சுமார் ஐந்து கிலோ சாப்பாட்டு உப்பு. உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும், முளைப்பதையும் பூஞ்சையையும் தடுக்கும். மழை விட்டு வெயில் வரும்வரை நெல் தாக்குப்பிடிக்கும். பாடப்புத்தகம் 'சவ்வூடு பரவல்' என்று சொல்லும் விஷயம் சாக்குப் படுதாவின் மேல் நடந்தது.

இங்கே ஆலைக்குள்ளிருந்துதான் ஆய்வு பிறந்தது. மற்ற இடங்களில் இந்த வரிசை வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் டி. லிட்டில் 1915-இல், எந்த இரசாயன ஆலையையும் உலர்த்தல், வடித்தல், அரைத்தல் போன்ற தனித்தனிச் செயல்களாகப் பிரித்துப் படிக்கலாம் என்றார். மறுவருடமே மாணவர்களை ஆலைகளுக்கு அனுப்பும் பயிற்சிப் பள்ளி அங்கே தொடங்கியது. அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் 1944-இல் சென்னையில் உருவான ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியும் கெமிக்கல் இன்ஜினியரிங்கை அந்த வழியில்தான் கற்பித்தது. அங்கெல்லாம் கல்லூரி முதலில், ஆலை பிறகு. டெல்டாவில் ஆலை முதலில் வந்தது, பின்னர் ஆய்வுக்கூடம், கடைசியில்தான் வகுப்பு. திருவாரூர் மையம் 1980களில் தஞ்சாவூருக்கு மாறி, பல பெயர்மாற்றங்களுக்குப் பின் 2021-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிஃப்டெம் நிறுவனமானது. இன்று அங்கே பி.டெக். மாணவர்கள் படிக்கிறார்கள்.

அவர்கள் முதலில் படிக்கும் 'மெட்டீரியல் பேலன்ஸ்' கணக்கு, கொள்முதல் நிலைய வாசலில் தினமும் எழும் கணக்குதான். அரசு வரம்பு 17 சதவீத ஈரப்பதம். நெல்லில் 22 இருந்தால் எவ்வளவு எடை குறையும்? நூறு கிலோவுக்கு ஐந்து என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்ணீர் போக மிஞ்சும் பொருள் 78 கிலோ. அது உலர்ந்த நெல்லில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் 93.98. குறைவது ஐந்து கிலோ அல்ல, ஆறு.

அடுத்த பாடம் உலர்த்தல். தட்டில் ஈரநெல்லைப் பரப்பி, வெப்பக்காற்றை விட்டு, குறித்த இடைவெளியில் எடை எடுப்பார்கள். முதலில் எடை மளமளவென இறங்கும். பிறகு மணியின் உள்ளிருந்து ஈரம் வெளிவர வேண்டியிருப்பதால் வேகம் தளரும். முன்பு இந்த வளைகோட்டை கிராப் தாளில் வரைந்து, ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டார்கள். இப்போது எக்செல், அதற்கும் மேலே, டிரையருக்குள் காற்று எந்த மூலையில் தேங்குகிறது என்று காட்டும் கணினி மாதிரிகள்.

அவசரப்பட்டு உலர்த்தினால் மணியின் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று, அரிசியில் விரிசல் விழும். அதனால்தான் ஆலை டிரையரில் நெல்லை ஒரு சுற்று ஓட்டி, சில மணி நேரம் தொட்டியில் ஆறப்போட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். எத்தனை சுற்று, எவ்வளவு வெப்பம் என்பதைக் கணினி மதிப்பிட்டுக் கொடுக்கும். அதன்படி உலர்த்திய நெல்லைச் சிறு மில்லில் அரைத்து, முழு அரிசியையும் நொய்யையும் தனித்தனியாக எடைபோட்ட பிறகே அந்த மதிப்பீடு எவ்வளவு சரி என்று மாணவர்களுக்குத் தெரியும்.