நுனி மழுங்கிய கத்தி பிறந்த கதை

கத்தி என்றாலே நுனிதான் கூராக இருக்க வேண்டும் என்று பழகியவர்கள் நாம். எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் 'ஐ.டி. கத்தி' என்று சொல்லும் கருவியின் நுனியில் கூர்மை கிடையாது. கடுகளவு பீங்கான் உருண்டை ஒன்றுதான் இருக்கிறது. உருண்டைக்குப் பின்னால் 4 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய உலோகக் கம்பி. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது பக்கவாட்டில் திசுவை அறுக்கும். பீங்கானில் மின்சாரம் பாயாது. ஆகவே நுனி எதையும் அறுக்காது. வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கிய எண்டோஸ்கோப் குழாயின் உள்துளைக்குள் இந்தக் கத்தியைச் செலுத்துகிறார்கள். வயிற்றைத் திறக்காமல், ஒரு தையல்கூட வெளியே போடாமல், ஆரம்ப நிலைப் புற்றை ஒரே துண்டாக உரித்து வாய் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கத்தி 1990களில் ஜப்பானில் பிறந்தது. வேறு நாட்டில் பிறந்திருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஜப்பானியரை அதிகம் கொன்ற புற்றுநோய் இரைப்பைப் புற்று. அதற்கு இருந்த ஒரே வழி அறுவை. 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்துக் குடலோடு இணைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் மருத்துவம் அந்த வழியில்தான் நடந்தது. உயிர் பிழைத்தாலும் இரைப்பை போனவர்களின் வாழ்க்கை பழையபடி இருப்பதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டைப் பலமுறையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் வரும். உடம்பு இளைக்கும். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டால் வைட்டமின் பி12-ஐ வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தவிப்பு அங்கே வேறெங்கும் இல்லாத அளவுக்கு இருந்தது. போர் முடிந்து நாடு இடிபாடுகளில் கிடந்த காலத்திலேயே, தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர் தாட்சுரோ உஜி, இரைப்பைக்குள் படம் எடுக்கும் கேமரா வேண்டும் என்று ஒலிம்பஸ் நிறுவனத்தை நாடினார். முட்சுவோ சுகியுரா, ஷோஜி ஃபுகாமி என்ற பொறியாளர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1950-இல் கருவி தயாரானது. வளையும் குழாயின் முனையில் ஒரு சின்ன லென்ஸ், ஒரு சின்ன பல்பு, மெல்லிய ஃபிலிம் சுருள். மருத்துவரால் உள்ளே எதையும் பார்க்க முடியாது. அறையை இருட்டாக்கி, பல்பு மின்னும்போது வயிற்றின் மேல்தோலில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகிப்பார்கள். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் நோய் கண்ணில் படும்.

நேராகப் பார்க்கும் வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. கண்ணாடி இழைக்கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் லண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் நம் பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், இயற்பியலாளர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். 1957 பிப்ரவரியில் அந்தக் குழாயை முதலில் விழுங்கியவர் அவரேதான். சில நாள் கழித்துத்தான் நோயாளிக்குச் செலுத்தினார்.

இந்த இரண்டு மரபும் ஜப்பானில் ஒன்று கலந்தன. எக்ஸ்ரே கருவி ஏற்றிய பேருந்துகள் ஊர் ஊராகப் போய்ப் பேரியம் குடிக்க வைத்துப் படம் எடுத்தன. சந்தேகப்பட்டவர்களுக்கு எண்டோஸ்கோப்பி. புற்று இரைப்பையின் உட்புற அடுக்கான சளிச்சவ்விலோ அதற்கு அடுத்த அடுக்கிலோ நின்றிருந்தால் அது 'ஆரம்ப நிலை' என்று 1962-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வரையறுத்தார்கள். இப்படித் தேடத் தேட, விரல்நகம் அளவுள்ள, லேசாகச் சிவந்தோ வெளுத்தோ மட்டும் தெரிகிற புற்றுகள் ஆயிரக்கணக்கில் கண்ணில் பட ஆரம்பித்தன. கண்டுபிடித்தாயிற்று, சிகிச்சை மட்டும் பழையதுதான். நகமளவு புற்றுக்கு இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்தார்கள்.

எண்டோஸ்கோப் வழியாகவே வெட்டலாமே என்ற எண்ணத்துக்கு ஒரு முன்னோடி இருந்தது. 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் பெருங்குடலில் காம்போடு தொங்கும் பாலிப்பைக் கம்பிக் கண்ணியால் சுருக்குப்போட்டு, மின்சாரம் பாய்ச்சி அறுத்தெடுத்தார்கள். இரைப்பையின் ஆரம்பப் புற்றில் பெரும்பாலானவை தட்டையானவை. காம்பு இல்லாததற்குச் சுருக்கு எப்படிப் போடுவது? 1984-இல் தாதா என்ற மருத்துவரின் குழு, சளிச்சவ்வுக்கு அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றி அந்த இடத்தைக் கொப்புளமாக எழுப்பி, இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கண்ணியால் அறுத்தது. நல்ல உபாயம். ஆனால் கண்ணிக்குள் அடங்கும் அளவுதான் ஒரே துண்டாக வரும். 2 செ.மீ.க்கு மேல் போனால் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் ஓரம் சுத்தமா, அடியில் மிச்சம் இருக்கிறதா என்று நோயியல் மருத்துவரால் அடித்துச் சொல்ல முடியாது. அங்கேதான் புற்று திரும்ப வந்தது.

1988-இல் ஹிராவோ என்பவரின் குழு இன்னொரு அடி முன்னே வைத்தது. உப்பு அடர்ந்த நீரையும் எபிநெஃப்ரினையும் உள்ளே ஏற்றிவிட்டு, ஊசிபோன்ற மின்கத்தியால் புற்றைச் சுற்றிலும் அறுத்து, பிறகு கண்ணி போட்டது. எந்த அளவு வேண்டுமோ அந்த அளவு வெட்டலாம். ஆனால் அந்த ஊசிக்கத்தி பயங்கரமானது. இரைப்பைச் சுவரின் மொத்தத் தடிமனே சில மில்லிமீட்டர்தான். நோயாளி மூச்சு விடுகிறார், இரைப்பை அசைகிறது, இதயம் துடிக்கும்போதெல்லாம் சுவர் நடுங்குகிறது. ஒரு மீட்டர் நீளக் குழாயின் மறுமுனையிலிருந்து ஊசியைப் பிடித்திருப்பவரின் கை ஒரு நொடி தவறினால் தசையைத் துளைத்துவிடும். வெகு சிலரால் மட்டுமே செய்ய முடிந்த வேலை அது.

அந்தப் பயத்துக்கு விடையாக வந்ததுதான் பீங்கான் உருண்டை. ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தில் ஹொசொகாவா, ஓனோ, கொடோடா போன்றவர்கள் 1990களின் நடுவில் இதில் இறங்கினார்கள். ஆபத்து முழுவதும் நுனியில் இருக்கிறது என்றால் நுனியை மூடிவிடு, பக்கத்தால் அறு. இவ்வளவுதான் யோசனை. ஹொசொகாவாவும் யொஷிதாவும் 1998-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். முதலில் புற்றைச் சுற்றி, சில மி.மீ. தள்ளி, மின்முனையால் புள்ளி புள்ளியாகச் சுட்டு எல்லை போடுவார்கள். பிறகு நீலச்சாயம் கலந்த திரவத்தை அடியில் ஏற்றுவார்கள். சளிச்சவ்வு தசையிலிருந்து விலகி உப்பி நிற்கும். உருண்டை நுனியால் தானாகத் துளை போட முடியாது என்பதால், ஊசிக்கத்தியால் ஒரே ஒரு சிறு துளை. அதற்குள் உருண்டையை நுழைத்து, பக்கவாட்டில் இழுத்தபடியே புள்ளிகளுக்கு வெளியே சுற்றி அறுப்பார்கள். பிறகு அடியே போய், நீலமாகத் தெரியும் பஞ்சுபோன்ற அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உரிப்பார்கள். நீலம் தெரிகிறவரை பாதுகாப்பு. வெளிறிய தசை தெரிந்தால் நிறுத்த வேண்டும். ரத்தக்குழாய் குறுக்கிட்டால் அறுப்பதற்கு முன்பே சுட்டு அடைப்பார்கள். சின்னது ஒரு மணி நேரத்துக்குள் முடியும்; பெரியது பல மணி நேரம் இழுக்கும்.

வெளியே வந்த துண்டைப் பலகையில் விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்தி, இரைப்பையில் இருந்தபோது எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று குறித்து, ஃபார்மலினில் போடுவார்கள். பிறகு 2 மி.மீ. இடைவெளியில் வரிவரியாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஓரம் சுத்தம், அடி சுத்தம், ரத்தக்குழாயிலும் நிணநீர்க் குழாயிலும் புற்றணு இல்லை என்று வந்தால் நோயாளிக்கு அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் அறுவைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது கருவியின் கதை. அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். புற்று சளிச்சவ்வைத் தாண்டாவிட்டாலும், பக்கத்திலிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு ஏற்கெனவே நகர்ந்திருந்தால்? உள்ளேயிருந்து உரித்தால் கணுக்கள் அங்கேயே இருக்கும். அறுவையில் அவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஆக, எண்டோஸ்கோப் மருத்துவர் எவ்வளவு அழகாக உரித்தாலும், யாருக்கு உரிக்கலாம் என்று தெரியாமல் உரிப்பது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

விடை ஏற்கெனவே இருந்தது. அது வெட்டியெடுக்கப்பட்ட இரைப்பைகளில் இருந்தது. தோக்கியோவின் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில், ஆரம்ப நிலைப் புற்றுக்காக இரைப்பையையும் கணுக்களையும் இழந்த 5,265 பேரின் பதிவுகளைக் கொடோடாவும் சக ஆய்வாளர்களும் எடுத்தார்கள். புற்று எந்த அடுக்கில், எவ்வளவு அகலம், எந்த வகை அணு, புண் இருந்ததா, கணுவில் பரவியிருந்ததா என்று ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வெளிவந்தது. சளிச்சவ்வுக்குள்ளேயே நின்ற, நன்கு முதிர்ந்த அணுவகையைச் சேர்ந்த, 3 செ.மீ.க்குள் அடங்கிய புற்று 1,230 பேருக்கு இருந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூடக் கணுவில் பரவவில்லை. அதே வகைப் புற்று, புண் இல்லாமல், எந்த அளவில் இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொண்டால் 929 பேர். அதிலும் ஒருவருக்கும் இல்லை.

இந்த எண்களை நிதானமாக வாசிக்க வேண்டும். அந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் தங்கள் இரைப்பையைக் கொடுத்தார்கள். அவர்கள் காலத்தில் அதுதான் சரியான சிகிச்சை. யார்மேலும் பழி இல்லை. வெட்டிய ஒவ்வோர் இரைப்பையையும் தூக்கிப் போடாமல், வரிவரியாக அறுத்துப் பார்த்து, எழுதிவைத்த நோயியல் மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் பீங்கான் உருண்டை ஒரு நல்ல பொறியியல் வேடிக்கையாக மட்டுமே நின்றிருக்கும். கருவி கையில் இருந்தும், அதை யாரிடம் பயன்படுத்தலாம் என்ற உரிமையைக் கொடுத்தவர்கள் அந்த நோயாளிகளே.

2001-இல் ஓனோவின் குழு தேசியப் புற்றுநோய் மையத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்டோஸ்கோப் வழியே எடுக்கப்பட்ட 479 புற்றுகளின் கணக்கை வெளியிட்டது. ரத்தக்கசிவு நடந்ததையும், 5 சதவீதத்தில் துளை விழுந்ததையும் மறைக்காமல் எழுதினார்கள். 2006-இல் ஜப்பானின் அரசு மருத்துவக் காப்பீடு இரைப்பைக்கான இந்தச் சிகிச்சையை ஏற்றது. அதோடும் நிற்கவில்லை. 2 செ.மீ.க்கு மேற்பட்ட புற்றுக்கும் இது போதுமா என்று பார்க்கப் பல மருத்துவமனைகள் சேர்ந்து 470 நோயாளிகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. ஐந்தாண்டு கழித்து 97 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட இன்னொரு குழுவை நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. முன்கூட்டியே வகுத்த எதிர்பார்ப்போடுதான் ஒப்பிட்டார்கள். ஆனாலும் இரைப்பையைக் காப்பாற்றும் வழிக்கு இதைவிட வலுவான ஆதரவு அதுவரை இருந்ததில்லை.

கத்தியும் வளர்ந்தது. உருண்டையின் பின்பக்கத்தில் மூன்று குட்டி உலோக விளிம்புகள் வைத்த இரண்டாம் வடிவம் வந்தது. கொக்கி முனை, முக்கோண முனை என்று வேறு கத்திகளும் வந்தன. சவ்வுக்கு அடியில் நுழைந்து வேலை செய்யும் கைப்பழக்கம் வந்த பிறகு, விழுங்க முடியாமல் தவிக்கும் அகலேசியா நோயாளிகளுக்கு உணவுக்குழாயின் தசையை உள்ளிருந்தே அறுத்துத் தளர்த்தும் சிகிச்சையை 2008-இல் ஹருஹிரோ இனோவே மனிதருக்குச் செய்தார். இன்று அது இந்தியாவிலும் நடக்கிறது.

புற்றை உரித்தெடுக்கும் சிகிச்சையும் நம் பெருநகர மருத்துவமனைகளில் கிடைக்கிறது. கத்தி இருக்கிறது, கற்றுக்கொண்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். நோயாளிகள்தான் தாமதமாக வருகிறார்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவது முற்றிய பிறகு. அப்போது இந்தக் கத்திக்கு வேலையே இல்லை. மாதக்கணக்கில் 'கேஸ்' மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினாலும், மலம் தார்போல் கறுத்தாலும், ரத்தசோகை தீராவிட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப நிலைப் புற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே குடும்பத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே எண்டோஸ்கோப்பியைப் பற்றியும் இந்நோயோடு தொடர்புள்ள ஹெலிகோபேக்டர் கிருமிக்கான சோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.