முழங்காலில் ஏசிஎல் கிழிந்தால் 9 மாதம் ஏன் காத்திருக்கணும்?

2022 ஜூலை. மகளிர் யூரோ காற்பந்துப் போட்டி தொடங்க ஒரே நாள்தான் இருந்தது. பயிற்சியின்போது ஸ்பெயின் நட்சத்திரம் அலெக்சியா புத்தெல்லாஸின் இடது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. அவர் மீண்டும் களமிறங்கியது 2023 ஏப்ரல் இறுதியில்தான்.

ஏன் இவ்வளவு நாள்?

ஏசிஎல் என்றால் என்ன?

எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் உறுதியான நார்தான் லிகமன்ட். தமிழில் இணைப்புநார். தசையை எலும்போடு சேர்ப்பது வேறு, அது தசைநாண்.

முழங்காலில் முக்கியமான இணைப்புநார்கள் 4. இரண்டு பக்கவாட்டில் இருக்கின்றன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த இரண்டில் முன்னால் இருப்பதுதான் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அது கிழிகிறது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவது, குதித்துத் தப்பாகத் தரையிறங்குவது போதும். "டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று பலர் சொல்வதுண்டு. சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும்.

தானாக ஆறிடாதா?

உட்பக்க இணைப்புநார் கிழிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்த உறைவின் மேல் புதிய இழைகள் வளர்ந்து, இரண்டு முனைகளையும் மெல்ல இணைக்கும்.

ஏசிஎல் இருப்பது மூட்டுக்குள். சுற்றிலும் மூட்டுத் திரவம். அங்கே ரத்த உறைவு நிலைத்து நிற்காது. முனைகளை இணைக்கப் பாலமே இல்லை. அதனால்தான் முழுதாகக் கிழிந்த ஏசிஎல் பெரும்பாலும் சரியாக ஒட்டுவதில்லை.

அறுவைச் சிகிச்சை கட்டாயமா?

எல்லாருக்கும் இல்லை. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சையை மட்டும் தொடங்கியவர்கள் 59 பேர். 2 ஆண்டுகளுக்குள் ஏசிஎல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவர்களில் 23 பேர்தான்.

ஆனால் நடக்கும்போதே முழங்கால் நழுவுகிறதா? காற்பந்து, கூடைப்பந்து, பூப்பந்து போன்ற திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குத் திரும்ப ஆசையா? அப்படியானால் மருத்துவர் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம்.

என்ன செய்வார்கள்?

கிழிந்ததை வெறுமனே தைப்பதில்லை. உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாண் துண்டை எடுப்பார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ அதை எடுப்பது வழக்கம். பிறகு சிறு துளைகள் வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, எலும்புகளில் சுரங்கம்போல் துளையிட்டு, அந்தத் துண்டைப் பொருத்துவார்கள்.

அப்புறம் ஏன் காத்திருக்கணும்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

பொருத்திய துண்டுக்குத் தொடக்கத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. அதிலுள்ள உயிரணுக்கள் மடிந்துபோகும். பிறகுதான் புதிய ரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் உள்ளே நுழைந்து, அதை இணைப்புநார்போல் மாற்றத் தொடங்கும். அந்த மாற்றத்தின்போது, முதல் சில மாதங்களில், துண்டு வலுவிழந்து இருக்கும். ஆனால் அதற்குள் வீக்கம் வடிந்து வலியும் குறைந்திருக்கும்!

"வலியே இல்லையே, ஆடலாமே" என்று தோன்றும். ஆனால் வலி போனது வேறு, நார் உறுதியானது வேறு.

2016இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மீண்டும் காயம் ஏற்படும் விகிதம் சுமார் 51 விழுக்காடு குறைந்தது.

நாள்காட்டி மட்டும் போதாது. திரும்புமுன் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் இவற்றைக் கேளுங்கள்:

- இரண்டு கால்களின் தசை வலுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா?
- ஒற்றைக் காலில் குதித்து, தடுமாறாமல் தரையிறங்க முடிகிறதா?
- வேகமாக ஓடித் திரும்பும்போது முழங்கால் உறுதியாக நிற்கிறதா?

புத்தெல்லாஸ் அந்த யூரோவைத் தவறவிட்டார். 2023 ஆகஸ்ட்டில் உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் அணியில் அவரும் இருந்தார்.