அபின் சட்டமும் அகதியின் அச்சமும்

அஜக்ஸிலும் அயல் நகரங்களிலும் வாழும் எம்மவர் வீடுகளில் பிள்ளையொன்று போதைப்பொருளுக்கு அடிமையானால், அது பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்ளேயே மறைக்கப்படுகிறது. மானம் போய்விடுமே என்பது ஓர் அச்சம். நாடு கடத்திவிடுவார்களோ என்பது மற்றோர் அச்சம். இரண்டாவது அச்சத்திற்குக் கனடாவில் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு.

1907 செப்டெம்பர் 7ஆந் திகதி, ஆசியக் குடிவரவை எதிர்த்து வன்கூவரிற் கூடிய கும்பல் சீனரும் யப்பானியரும் வாழ்ந்த வீதிகளிற் புகுந்து கடைகளை அடித்து நொறுக்கியது. 1983 யூலையைக் கண்டவர்களுக்கு இக்காட்சியை விபரிக்க வேண்டியதில்லை. நட்டஈட்டை மதிப்பிட ஒட்டாவாவிலிருந்து சென்றவர், பின்னாளிற் பிரதமரான மக்கென்சி கிங். நட்டஈடு கோரியோருள் அபின் உற்பத்தியாளரும் இருந்தனர். அன்று அது சட்டத்திற்குட்பட்ட தொழிலே. வெள்ளையரிடையேயும் அபின் பரவுவதைக் கண்டு திகைத்த கிங் அறிக்கை எழுதினார். 1908 யூலையில் அபின் சட்டம் பிறந்தது. கடையுடைத்தவர்களை விசாரிக்கப் போனவர் கடைக்காரரின் தொழிலைத் தடைசெய்து திரும்பினார் எனலாம்! அதே ஆண்டு வந்த மருந்துச் சட்டமோ, அபின் கலந்த போத்தல் மருந்துகளில் அதன் பெயரைக் குறித்தாற் போதுமென விட்டுவிட்டது.

1911இல் அபினை வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1922இல், தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தவும் வழி செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான சீனர் அவ்வாறு அனுப்பப்பட்டனர்.

நோயாளியாக அவர்களைப் பார்த்த மருத்துவம் மிகப் பிந்தியே வந்தது. 1959இல் அதே வன்கூவரில் வைத்தியர் றொபேர்ட் ஹலிடே, ஹெரோயினை விட்டோர் படும் உடல் வேதனையைத் தணிக்க மெதடோன் வழங்கத் தொடங்கினார். மெதடோனும் அபின் வகை மருந்தே. ஆயினும் அது உடலில் நெடுநேரம் நின்று, மயக்கம் தராமல் வேட்கையை அடக்குகிறது. “ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று” என எம்மவர் சொல்வது அதனாற் பொருந்தாது. மருந்தின்றி மனவுறுதியால் மட்டும் நிறுத்தியவர் மீண்டும் தவறும்போது நேரும் ஆபத்துப் பெரிது: உடலின் தாங்குசக்தி குறைந்திருக்க, பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். பென்ரனில் கலந்த பின்னர் நிலைமை இன்னும் கொடிது. 2016 முதல் 2024 வரை இவ்வகை நஞ்சேற்றத்தாற் கனடாவில் மாண்டோர் 50,000ஐத் தாண்டுவர்.

குடியுரிமை பெறாதவரைக் குற்றத்தீர்ப்பு இன்றும் பாதிக்கலாம். ஆனால் சிகிச்சை கேட்பது குற்றமன்று; வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர். டர்ஹம் பிராந்தியத்தில் லேக்றிட்ஜ் மருத்துவமனையின் பைன்வுட் நிலையம் இச்சிகிச்சையை அளிக்கிறது. நின்றுபோகும் மூச்சை மீட்கும் நலொக்சோன் மருந்து 2016 முதல் ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசம். மயங்கியவருக்காக 911ஐ அழைப்பவர்மீதும் மயங்கியவர்மீதும் போதைப்பொருளை வைத்திருந்த குற்றம் சாட்டப்படலாகாது என்பது 2017 மே மாதச் சட்டம்.