ஓவியத்துக்கு 7 மார்க்: பத்தாம் வகுப்பில் கலைக்கு உண்மையில் என்ன இடம்?

முலுண்டில் இருக்கிறீர்களா? அக்கா பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எஸ்எஸ்சி பள்ளியில் படித்தால், "எலிமெண்டரி முடிச்சாச்சு, அடுத்து இன்டர்மீடியட்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் மகாராஷ்டிர அரசின் கலை இயக்குநரகம் நடத்தும் ஓவியத் தேர்வுகள்.

மார்க் எப்படிக் கிடைக்கிறது?

2017-இல் திருத்தப்பட்ட விதிப்படி, இன்டர்மீடியட்டில் ஏ கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பில் 7 மார்க் கூடுதலாகச் சேரும். பி கிரேடுக்கு 5, சி கிரேடுக்கு 3. சாஸ்திரிய இசை, நடனம், நாட்டுப்புறக் கலை ஆகியவற்றுக்கும் கூடுதல் மார்க் உண்டு.

எஸ்எஸ்சியில் அதிக மார்க் வாங்கிய ஐந்து பாடங்களை வைத்து, 500-க்குத்தான் சதவீதம் கணக்கிடுகிறார்கள். அதனால் 7 மார்க் என்பது 1.4 சதவீதப் புள்ளி. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கான மெரிட் பட்டியலில் இது சின்ன விஷயமில்லை. 2024-இல் 187 பேரும் 2025-இல் 211 பேரும் 100 சதவீதம் எடுத்தார்கள். அதற்குக் கைகொடுப்பது இந்தக் கூடுதல் மார்க்.

அப்படியென்றால் பள்ளியில் கலைப் பாடம்?

இருக்கிறது. 9, 10-ஆம் வகுப்புகளில் 'சுய வளர்ச்சியும் கலை ரசனையும்' என்றொரு பாடம் உண்டு. ஆனால் அதற்குக் கிரேடு மட்டும்தான், சதவீதத்தில் சேராது. சிபிஎஸ்இ-யிலும் இந்த வகுப்புகளில் கலைக் கல்விக்குப் பள்ளியே கிரேடு போடுகிறது.

முரண் இங்கேதான். பள்ளிக்குள் கற்கும் கலைக்கு மார்க் இல்லை, தனித் தேர்வு எழுதினால் உண்டு.

யாருக்கு லாபம்?

ஓவியத் தேர்வைப் பள்ளி வழியாகவே எழுதலாம். நடனமும் இசையும் அப்படியில்லை. மாட்டுங்காவில் 1945 முதல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் இயங்குகிறது. மும்பைத் தமிழர்களுக்குக் கலை வகுப்பு புதிதல்ல. ஆனால் பல ஆண்டுகள் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். அது முடியாத பிள்ளைக்கு, வீடு முலுண்டில் இருந்தாலும் தாராவியில் இருந்தாலும், பள்ளி பீரியட்தான் ஒரே வழி. அந்த பீரியடையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டால், அதுவும் போச்சு.

மாற்றம் வருமா?

பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயம் என்று 2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான நிபுணர் குழுவே பரிந்துரைத்தது. 2023-இல் வந்த புதிய கலைத்திட்டம், 9, 10-ஆம் வகுப்புகளில் அறிவியல், கணிதத்தோடு கலைக் கல்வியையும் ஒரு பாடமாக வைக்கிறது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டியது மாநிலங்களும் பள்ளிகளும்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்:

- வாரத்துக்கு எத்தனை கலை பீரியட்?
- அதற்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா?
- பரீட்சை நெருங்கும்போதும் அந்த பீரியட் நடக்குமா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பள்ளியில் கலைக்கு என்ன இடம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.