நெடுஞ்சாலை நிதியும் மாநிலங்களின் தன்னுரிமையும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் பட்டறிவு

அமெரிக்கக் கூட்டரசு தரும் நெடுஞ்சாலை நிதியை மாநிலங்கள் தம் விருப்பப்படி செலவிட எவ்வளவு இடமளிக்கலாம் என்பது அந்நாட்டில் நெடுநாள் விவாதம். தமிழ்நாட்டில் ‘மாநில உரிமை’ என்பது முற்போக்கான முழக்கமாக ஒலிக்கிறது. அமெரிக்கத் தென்மாநில வெள்ளையர்களோ அதையே கேடயமாக ஏந்தி இன ஒதுக்கலைக் காத்தனர். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டே நாம் இவ்விவாதத்தை அணுக வேண்டும்.

1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசு ஏற்றது. பணம் வாஷிங்டனுடையது, பாதையை வரைந்தவை மாநில நெடுஞ்சாலைத் துறைகள். நிலவிலை குறைந்த, எதிர்க்கும் அரசியல் வலிமை மறுக்கப்பட்ட கறுப்பினக் குடியிருப்புகளின் ஊடே பல பாதைகள் சென்றன. செயிண்ட் பால் நகரின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்சின் கிளேபார்ன் வீதி ஆகியவை இவ்வாறே சிதைந்தன.

1991ஆம் ஆண்டுச் சட்டம், சாலை நிதியின் ஒரு பகுதியைப் பேருந்துக்கும் இரயிலுக்கும் திருப்ப வழிவகுத்தது. கார் இல்லாத ஏழைகளுக்கு இது நன்மையே. ஆனால் அனுமதி வேறு, கடமை வேறு. பல மாநிலங்கள் இன்றும் சாலையை அகலப்படுத்துவதிலேயே நாட்டம் கொண்டுள்ளன. பழுதுபார்ப்புக்கு முன்னுரிமை தருமாறு கூட்டரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் 2021 டிசம்பரில் அறிவுரைதான் வழங்கியது. அதுவே மாநிலங்களின் தன்னுரிமையில் தலையிடுவதாக எதிர்க்கப்பட்டு, 2023இல் கைவிடப்பட்டது.

நிதியோடு வரும் நிபந்தனைகளுள் நாம் உற்றுநோக்க வேண்டியது, 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி. கூட்டரசு நிதி பெறுவோர் இனப் பாகுபாடு காட்டலாகாது என்கிறது அது. ஹூஸ்டனில் ஐ-45 விரிவாக்கத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அகற்றப்படவிருந்தன. பாதிக்கப்படுவோரில் பெரும்பான்மையர் கறுப்பின, இலத்தீன மக்கள். இப்பகுதியின்கீழ் எழுந்த முறையீடுகளை அடுத்து 2021இல் கூட்டரசு பணிகளை நிறுத்தி விசாரித்தது. 2023இல் டெக்சஸ் போக்குவரத்துத் துறையுடன் சில நிபந்தனைகள் கொண்ட உடன்பாடு ஏற்பட்டு, பணி தொடர்ந்தது. பெற்றது சிறிதே, நிபந்தனை இல்லையெனில் அச்சிறிதும் இல்லை. மேலும், விளைவில் பாகுபாடு உண்டு என்று மட்டும் காட்டி இவ்விதிகளின்கீழ்த் தனிநபர் வழக்குத் தொடுக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே வாஷிங்டனின் விருப்பையும் இம்மக்கள் நம்பியிருக்க வேண்டியுள்ளது. அவ்விருப்பு தேர்தல்தோறும் மாறுகிறது.

நெடுஞ்சாலைகளால் பிளவுண்ட குடியிருப்புகளைச் சீரமைக்க 2022இல் ஒதுக்கிய நிதியில் ஒப்பந்தமாகாத தொகையை 2025 ஜூலைச் சட்டம் திரும்பப் பெற்றது. அந்நிதிக்கு நகராட்சிகள் மாநிலத் துறையின் வழியே செல்லாமல் நேரடியாகவே விண்ணப்பிக்க முடிந்தது. மாநிலங்களுக்குத் தளர்வு கோருவோர் இத்தகைய நேரடி வழியைக் குறித்து அரிதாகவே பேசுகின்றனர்.