மருந்துக்கு முன் மரபணுப் பரிசோதனை

உலகில் அதிக உயிர்களைப் பலிகொள்ளும் புற்றுநோய் நுரையீரல் புற்றுநோயே ஆகும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகினர். சுமார் 18 இலட்சம் பேர் உயிரிழந்தனர். ஆயினும் இவர்கள் அனைவரையும் பீடித்தது ஒரே நோய் அல்ல என்பதைக் கடந்த இருபது ஆண்டு கால மருத்துவ ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன.

ஜெபிட்டினிப் என்ற குளிசைக்கு 2002இல் ஜப்பானும் 2003இல் அமெரிக்காவும் அங்கீகாரம் அளித்தன. அதனை உட்கொண்டோரில் பெரும்பாலானோர் குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காணவில்லை. ஆனால், சிலரது கட்டிகள் ஒரு சில வாரங்களிலேயே வியக்கத்தக்க வகையில் சுருங்கின. புகைபிடிக்காதோர், பெண்கள், கிழக்காசிய நாட்டவர்கள் ஆகியோரிடமே இது அதிகமாகக் காணப்பட்டது. இதற்கான காரணத்தை 2004இல் பொஸ்டன், நியூயோர்க் நகரங்களின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

கலத்தின் மேற்பரப்பிலிருந்து வளர்ச்சிச் சமிக்ஞையைப் பெறும் புரதமொன்று ஈ.ஜி.எவ்.ஆர். என அழைக்கப்படுகின்றது. அதற்குரிய மரபணுவில் விகாரம் எனப்படும் மாற்றம் ஏற்படும்போது, அணைக்க முடியாத மின் ஆளியைப் போல் அப்புரதம் ஓயாது இயங்குகின்றது. கலமும் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது. அந்த இயக்கத்தைத் தடுப்பதே மேற்படி குளிசையின் பணியாகும்.

இவ்விகாரமும் ஒரே வகைப்பட்டதன்று. எக்சோன் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு இழக்கப்படுதல், எக்சோன் 21இல் ஏற்படும் எல் 858 ஆர் என்ற மாற்றம் ஆகிய இரண்டுமே இவற்றில் நூற்றுக்கு 85 வீதத்திற்கும் மேற்பட்டவை. இரண்டும் குளிசைக்கு இணங்குபவை. எனினும் முதலாவது வகையினரே பொதுவாக நீண்ட காலம் பயன்பெறுகின்றனர். மாறாக, எக்சோன் 20இல் மேலதிகத் துண்டொன்று செருகப்பட்டிருப்பின் பழைய குளிசைகள் பெரும்பாலும் பயனளிப்பதில்லை. இத்தகையோருக்கென நாளத்தினூடாகச் செலுத்தப்படும் அமிவன்டமாப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எனவே, விகாரம் உண்டு என்பதை அறிவது மட்டும் போதாது. எந்த விகாரம் என்பதையும் அறிதல் வேண்டும்.

பரிசோதனையின்றி மருந்தளிப்பதன் ஆபத்தை, கிழக்காசிய நாடுகளில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியது. விகாரம் உடையவர்களிடம் இரசாயன சிகிச்சையைக் காட்டிலும் குளிசையே நோயை நீண்ட காலம் கட்டுப்படுத்தியது. விகாரம் இல்லாதவர்களிடமோ நிலைமை நேர்மாறாக இருந்தது. குளிசை பெற்றவர்களின் நோய் விரைந்து முற்றியது. ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்து, அதே நோயுள்ள இன்னொருவரின் பெறுமதிமிக்க காலத்தைப் பறித்துவிடக் கூடும் என்பதே இதன் பொருளாகும்.

சிகிச்சை பலனளித்த பின்னரும் நோய் மீண்டும் தலைதூக்குவதுண்டு. ஆரம்பகாலக் குளிசைகளைப் பெற்றோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் ரி 790 எம் என்ற புதிய விகாரமே இதற்குக் காரணமாயிற்று. இதனை எதிர்கொள்ளும் ஒசிமேர்ட்டினிப் 2015இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. 2018 முதல் ஆரம்ப சிகிச்சையாகவும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்னைய குளிசைகளைப் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 31.8 மாதங்களாக இருக்க, இதனைப் பெற்றோருக்கு அது 38.6 மாதங்களாக நீடித்தது. எனவே நோய் திரும்பும்போது, இழைய மாதிரியையோ குருதியையோ மீண்டும் பரிசோதிப்பதும் அவசியமாகின்றது.

புகைத்தலே இந்நோயின் பிரதான காரணி என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அதனைக் கைவிடுமாறு வலியுறுத்துவதில் எத்தகைய தளர்வும் கூடாது. ஆயினும் வாழ்நாளில் ஒருபோதும் புகைக்காதவர்களும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதையும், அவர்களிடமே இவ்விகாரங்கள் அதிகம் காணப்படுகின்றன என்பதையும் சமூகம் உணர வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாக நோக்கும் மனப்பாங்கு, அவர் உரிய வேளையில் வைத்தியரை நாடுவதற்கே தடையாகிவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏர்லோட்டினிப் குளிசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இலவச சுகாதார சேவையைப் பெருமையுடன் பேணிவரும் நமது நாட்டில், மருந்தைப் பற்றிய அக்கறை அதற்கு முந்திய பரிசோதனையையும் உள்ளடக்குதல் வேண்டும். பரிசோதனை இல்லாத மருந்து, இலக்கறியாது எய்த அம்பாகும். மருந்து கிட்டாத பரிசோதனையோ வெறும் காகிதமாகும். மஹரகமவிலோ தெல்லிப்பழையிலோ மட்டக்களப்பிலோ சிகிச்சை பெறும் ஏழை நோயாளிக்கும், வசதி படைத்தவருக்குக் கிடைக்கும் அதே விடை அதே வேகத்தில் கிடைக்க வேண்டும். தமக்குள்ள நோய் எவ்வகையைச் சார்ந்தது என்று வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை. அக்கேள்விக்கு விடையளிக்கும் வசதியை ஏற்படுத்துவது அரசின் கடமை என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.