யானை இறந்தாலும் ஆயிரம் பொன்னா? பழைய சொகுசுக் கார்களின் கதை

போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். காலையில் அந்த ரோட்டில் நின்றால் ஜீப்பாகத்தான் கண்ணில் படும். பெயின்ட் உதிர்ந்திருக்கும், கதவு இருக்காது, ஆனால் வண்டி ஓடும். அப்படி ஒரு ஜீப்பில் போகும்போதுதான் நண்பர் போனை நீட்டினார். டெல்லியில் நிற்கும் ஒரு ஜெர்மன் கார். டீசல், பதினோரு வருஷ வண்டி, ரெண்டு வருஷமாக எடுக்கவே இல்லையாம். கேட்கும் விலை இங்கே ஒரு புது சின்னக் காரின் விலையைவிடக் குறைவு.

"ஓடுனா ஓட்டுவோம், ஓடலைன்னா பிரிச்சு வித்துருவோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்றார்.

அது ஏலக்காய் விற்ற காசு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதும், இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்குக் கீழே வந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகு எழுதும் பதில்தான் இது.

முதலில், அந்தக் கார் ஏன் இவ்வளவு மலிவு? 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இஞ்சின் நன்றாக இருந்தாலும் வண்டி அன்றைக்கு அந்த ஊரில் செல்லாக்காசு ஆனது. அதே 2015-ன் டிசம்பரில் சென்னை வெள்ளம். மூழ்கிய கார்கள் பல 'டோட்டல் லாஸ்' என்று எழுதப்பட்டு ஏலத்துக்குப் போயின. ஒன்று உத்தரவால் விலை இழந்த வண்டி, இன்னொன்று தண்ணீரால் இழந்த வண்டி. கழுவித் துடைத்து எடுத்த போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அரசு உத்தரவால் பெரிய கார்களின் விதி மாறுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1953-ல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள கம்பெனிகளே இங்கே இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அதோடு அமெரிக்கக் கார்களுக்கு ஸ்பேர் வரும் வழியும் அடைபட ஆரம்பித்தது. 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை நிறுத்தியது. அரண்மனை ஷெட்டுகளில் நின்ற வண்டிகளுக்குத் தீனி போட ஆளில்லை. தூதரகங்கள் கழித்துக்கட்டிய கார்களை அரசு வணிகக் கழகம் டெண்டர் போட்டு விற்றது. வசதியான வண்டி ஒன்று வேண்டும் என்றால் அன்றைக்குப் பலருக்கு அதுதான் வழி.

நம் கிராமங்களில் காருக்கு 'பிளசர்' என்றே பேர். அந்தப் பிளசர்கள் பெட்ரோல் குடித்தே முதலாளியைச் சாய்த்துவிடும். அதற்குப் பட்டறைக்காரர்கள் கண்ட மருந்து, இஞ்சினையே மாற்றுவது. வேன், லாரிகளில் வரும் டீசல் இஞ்சினைப் பிளைமவுத்திலும் டாட்ஜிலும் இறக்கினார்கள். அடைப்பானை வெட்டி, மவுன்ட்டைக் கடைசலில் செய்து, கியர்பாக்ஸைப் பொருத்தி ஓட்டினார்கள். ராஜா வீட்டு வண்டி டாக்ஸியாகப் பிழைத்தது. ரெண்டு வண்டி வாங்கி ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டுவதும் நடந்தது. சென்னை புதுப்பேட்டை மாதிரி சந்தைகள் இந்த வித்தையின் மேல் நிற்பவைதான்.

பிரிப்பதே படிப்பாகவும் இருந்தது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளவயதில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார்சைக்கிளை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கி, கழற்றி, மாட்டித்தான் தொழில் கற்றார் என்பது ஊரறிந்த கதை. ஒரு திருகுளியும் பொறுமையும் இருந்தால் அந்தக் கால வண்டி தன் ரகசியத்தைச் சொல்லிவிடும்.

குரங்கணி ஜீப்பும் அந்த வம்சம்தான். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பை 1947-ல் மும்பையில் மஹிந்திரா பூட்ட ஆரம்பித்தது. அச்சு பெரிதாக மாறாமல் பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பம் நீண்டது. அதனால் ஒரு ஜீப்பின் சாமான் இன்னொன்றுக்கு ஆகும். ஆகாததைப் பட்டறையில் அடித்து ஆக்கிவிடலாம்.

நண்பரின் ஜெர்மன் கார் அப்படியா? எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, இஞ்சினை நான் பாத்துக்குவேன். அதுல இருக்குற கம்ப்யூட்டரை யாரு பாப்பா?" என்றார். சாவி, ஸ்டார்ட்டிங் லாக், இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும். செத்த வண்டியிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டரை நேராக மாட்டினால் வேலை செய்யாது. கம்பெனி ஸ்கேனர் மாதிரி ஒன்று வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், ரப்பர் பையில் ஒரு சின்ன வெடிப்பு போதும். காற்று கசியக் கசிய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் ஒயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கும். முதல் மாசம் ஓடும், ஆறாம் மாசம் படுக்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் படுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்து விற்றால்? ஹெட்லைட், கதவு, சீட், கியர்பாக்ஸுக்கு விலை உண்டு. ஆனால் அதே மாடல் நாலு ஓடும் ஊரில்தான் உண்டு. போடியில் அந்தக் கண்ணாடியை யார் வாங்குவது?

காகிதச் செலவு வேறு. டெல்லியிலிருந்து என்ஓசி, இங்கே ஆயுள் வரி, 12 மாதத்துக்குள் புதுப் பதிவு. 15 வருஷம் ஆனதும் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. இறக்குமதி கார் என்றால் 40,000.

பத்திரமாக வைத்திருந்தால் ஒருநாள் 'வின்டேஜ்' ஆகாதா? 2021-ல் அதற்கும் விதி வந்தது. 50 வயது ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. டீசல் இதயம் வாங்கிப் பிழைத்த அந்தப் பிளசருக்கு இந்த மரியாதை கிடையாது. ஓடாமல் ஷெட்டில் தூங்கியதற்கே கிடைக்கும்.

குரங்கணிக்குப் பக்கத்தில் கொட்டகுடியில் ஒரு காலத்தில் ரோப்வே இறங்கியது. மூணாறு தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பியில் தொங்கி இங்கே இறங்கி, வண்டி மாட்டில் போடிக்குப் போகும். 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துப் போனது. யாரும் திரும்பப் போடவில்லை. சரக்கு ரோட்டுக்கு மாறிவிட்டது. வேலை இல்லாத இயந்திரத்தை யாரும் உயிர்ப்பிப்பதில்லை. ஜீப் பிழைத்திருப்பது தினமும் அதற்கு வேலை இருப்பதால். கூடவே, சாமானும் கைவேலை தெரிந்த ஆளும் பக்கத்திலேயே இருப்பதால்.

ஆக, நண்பருக்கு என் பதில் இதுதான். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்றது தந்தம் வாங்க ஆள் இருந்த காலத்தில். வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி: இது தண்ணீரில் நின்றதா? திறந்து பார்க்கத் தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? இதற்கு இங்கே என்ன வேலை?

அவர் இன்னும் அட்வான்ஸ் அனுப்பவில்லை. போட்டோவை அழிக்கவும் இல்லை.